ஊருக்கு வாய்த்த தொரிபியோ

தொரிபியோ ஒவேலார் செவ்வாய்க்கிழமை மதியம் தன் வீட்டுக் கட்டிலில் இறந்தான். மறுநாள் காலை அவனுடைய சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் சந்தைத் தெரு வழியாகப் போனபோது, அதே தொரிபியோ, விதவையான சுனில்தாவின் வீட்டு வாசலில் அடிகுழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டி பக்கத்தில் வந்ததும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான், முன்பின் தெரியாதவர் சாவுக்கு யாரும் செய்கிற மரியாதைபோல. பெட்டி கடந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து, தேய்ந்துபோன தோல் வாஷரைக் கத்தியால் நெம்பத் தொடங்கினான். அந்த வாரம் எங்கள் ஊரான பாசோ லபாச்சோவில் மரவள்ளிக் கிழங்கு மலிவு, மாட்டிறைச்சி விலை ஏறியிருந்தது, காற்று வடக்கிலிருந்து அடித்தது.

பெட்டிக்குப் பின்னால் கறுப்பு முக்காட்டோடு நடந்துவந்த அவன் மனைவி பசிலியாவும் அதைப் பார்த்தாள். தலைநகரத்திலிருந்து வந்திருந்த மகள் மிர்த்தா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தி, "அம்மா, அங்க பாரு" என்றாள். "பாத்தேன். நட" என்றாள் பசிலியா. மண் போட்டு முடித்ததும் பாதிரியார் ஆறுதல் சொல்ல வந்தபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எனக்கு வாய்ச்சவன் செத்துட்டான், ஃபாதர். ஊருக்கு வாய்ச்சவன் உயிரோட இருக்கான்."

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் சாக்கோ முள்காட்டில் நடந்த போர் முடிந்த வருஷத்துக்குப் போக வேண்டும். அந்த முள்காட்டில் குண்டுக்குத் தப்பிய எங்கள் பையன்களைத் தாகம் தின்றது. தொரிபியோ அங்கே தண்ணீர் லாரி ஓட்டினான். மூன்று வருஷம் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுபோய், நாக்கு வீங்கிக் கிடந்தவர்கள் வாயில் ஊற்றினான். போருக்குப் போகும் முன்தான் பசிலியாவைக் கட்டியிருந்தான். போர் முடிந்து நீராவிக் கப்பலில் வந்து இறங்கியவன், நேராக மேடேறி வீட்டுக்குப் போனான், கால் கழுவினான், சாப்பிட உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவன் ராச்சாப்பாட்டை வெளியில் சாப்பிட்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாற்காலி செய்தான். எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்றும் உட்கார்ந்திருப்பது அவன் பின்னிய தோல் நாற்காலியில்தான். பெண் பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுவிட்ட ஆண் அந்தத் தெருவில் அவன் ஒருவன். பசிலியாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட குளிர்காலம் முழுக்க இறைச்சியை இடித்து அவனே சூப் வைத்தான். மிர்த்தாவுக்குக் கக்குவான் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டே பதினைந்து நாள் நடந்தான், கொட்டகைக்கும் அடுப்புக்கும் நடுவே, வேலி தாண்டாமல்.

அதே பதினைந்து நாளில்தான் ஆறு பெருகித் தாழ்வுத் தெருவை மூழ்கடித்தது. தோணியில் போய்க் கூரைமேல் நின்றவர்களை இறக்கிக்கொண்டு வந்தவன் தொரிபியோ. அதைப் பார்த்தவர்கள் இருநூறு பேராவது இருப்பார்கள். தோணி தோணியாக ஆட்களையும் கோழிகளையும் கரை சேர்த்தான். தோல் கிடங்கு தீப்பிடித்தபோது, பள்ளிக்கூடத்துக் கிணறு தூர்ந்தபோது, பிரசவத்துக்கு மருத்துவச்சியை அக்கரையிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தபோது, எல்லாவற்றுக்கும் அவன்தான். போருக்குப் பிறகு எங்கள் ஊரில் ஆம்பளைகள் குறைவு. கூப்பிட்ட இடத்தில் ஒருவன் வந்து நின்றால், அவன் அதே நேரத்தில் வேறெங்கே இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. சுறுசுறுப்பான மனுஷன் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைக் கொடுத்தோம்.

கேட்டவள் பசிலியா மட்டும்தான். சந்தைக்குப் போனால் காய்கறிக்காரி முதல் கறிக்கடைக்காரன் பெண்டாட்டி வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெயருக்கு முன்னால் மரியாதையாக 'ஞா' போட்டுப் பேசுவார்கள். "ஞா பசிலியா, குடுத்து வெச்சவங்க நீங்க! நேத்து உங்க வீட்டுக்காரர் வந்து எங்க கூரையைப் பூரா மாத்திட்டார்." நேற்று முழுக்க அவள் வீட்டுக்காரர் நாரத்தை மரத்தடியில் அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஏதோ ஆள்மாறாட்டம் என்று நினைத்தாள். பிறகு வேண்டுமென்றே சொல்கிறார்கள் என்று நினைத்தாள். புருஷன் திரும்பி வராதவர்கள், வந்தவனைப் பார்த்துப் பொறுக்காமல் கதை கட்டுகிறார்கள். எவள் வீட்டில் கூரை புதிதாக இருந்தாலும் அவளுக்கு வயிறு எரிந்தது. நன்றாகத் தண்ணீர் கொட்டுகிற குழாயைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு சமயம் தூங்கும்போது தன் சடை நுனியை அவன் சட்டைப் பொத்தானில் முடிந்து வைத்தாள். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. சந்தையில் அன்று எல்லோரும், விடியற்காலையில் தொரிபியோ சேற்றில் சிக்கிய மாட்டுவண்டியைத் தூக்கிவிட்டதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரிலும் அவளுக்கு ஆகாதவள் சுனில்தா. ஊரிலேயே அடிக்கடி கெட்டுப்போன குழாய் சுனில்தாவுடையது. இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் பசிலியா தெருவின் மறுபக்கம் போய்விடுவாள், அங்கே சாக்கடை ஓடினாலும்.

அவன் செத்த அன்று மாலை துக்கம் கேட்க வந்தவர்கள் உடம்பைச் சுற்றி உட்கார்ந்து, வழக்கப்படி ஆளுக்கொன்றாக நினைவுகூர்ந்தார்கள். வெள்ளம் வந்த கதையை ஒருத்தி எடுத்தாள். தலைமாட்டில் இருந்த பசிலியா நிமிர்ந்து, "அன்னைக்கு அவன் எம்பொண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு இருந்தான்" என்றாள். தீப்பிடித்த கதையை ஒருவர் எடுத்தார். "அன்னைக்கு அவன் பசுவுக்குப் பிரசவம் பாத்தான்." மருத்துவச்சி கதை வந்தது. "அன்னைக்கு எங்க கல்யாண நாள். கிதார்ல ரெண்டே ரெண்டு பாட்டுத் தெரியும் அவனுக்கு, ரெண்டையும் வாசிச்சான்." ஒவ்வொரு நினைவையும் கொசு அடிப்பதுபோல அடித்துத் தள்ளினாள். வந்தவர்கள் மனம் கசந்து, சிப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போனவனைப் பங்குபோட்டுக்கொள்ளக்கூட விடாத பெண் என்று திரும்பும் வழியில் பேசிக்கொண்டோம். மறுநாள் சந்தைத் தெருவில் அவனைப் பார்த்தபோது, உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எங்களுடையவன் சாகவில்லை.

அதனால் ஒன்பது நாள் ஜெபத்துக்கு யாரும் போகவில்லை. கோயில் கூரையில் ஏறித் தகரக் குழாயைச் சரிசெய்துகொண்டிருக்கிற ஒருவனுடைய ஆத்மா சாந்திக்காக, அதே கோயிலுக்குள் முழங்கால் போடுவது எப்படி? பசிலியாவும் மிர்த்தாவும் மட்டும் ஜெபம் சொன்னார்கள். தலைக்கு மேல் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதிரியார் இரண்டு தடவை வெளியே போய், "தோன் தொரிபியோ, ஒரு பத்து நிமிஷம் மெதுவா அடிங்க, உங்களுக்காகத்தான் ஜெபம் நடக்குது" என்று கேட்டுக்கொண்டார். அவன் மெதுவாக அடித்தான்.

பத்தாம் நாள் பசிலியா சுனில்தா வீட்டுக்குப் போனாள். வேலியருகே நின்று கைதட்டிக் கூப்பிடுகிற வழக்கத்தைக்கூட விட்டு நேராக உள்ளே நுழைந்தாள். தொரிபியோ குழாயடியில் முழங்காலிட்டிருந்தான். தலை நிமிர்ந்து பார்த்ததும் அவன் முகம் அப்படி மலர்ந்தது.

"பசிலியா! நீ எதுக்கு இந்த வெயில்ல வந்தே? நானே கெளம்பிட்டேன். இந்த வாஷரை மட்டும் மாட்டிட்டு வந்துடறேன்."

"யாரைப் பாத்து நீ வா போங்கறீங்க? என் புருஷனைப் பொதைச்சு ஒன்பது நாள் ஜெபமும் முடிஞ்சுபோச்சு."

"தெரியும். தொப்பியைக் கழட்டினேனே."

கிட்டத்தில் அவனை நன்றாகப் பார்த்தாள். தாடையில் அதே தழும்பு, அதே கோணல் பல். ஆனால் வீட்டில் செத்தவனுக்குச் சின்னத் தொப்பை, மிருதுவான கன்னம். இவன் காய்ந்து கறுத்திருந்தான், விரல்கள் வெடித்திருந்தன, கழுத்தெலும்பில் தண்ணீர் தேங்கும்போல இருந்தது. அவள் சமைத்தது எதுவும் இந்த உடம்பில் ஒட்டவில்லை. அது அவளுக்கு எங்கோ சுருக்கென்றது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"நீங்க யாரு?"

"கப்பல்லேர்ந்து எறங்கினேன்ல" என்றான், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல. "பலகையில ஒரு பெரியவர் எண்ணெய்ப் பீப்பாயை வெச்சுக்கிட்டுத் தடுமாறிட்டிருந்தாரு. ஒரு கை குடுத்துட்டுப் போலாம்னு மூட்டையைக் கீழ வெச்சேன். நிமிந்து பாத்தா, நானே எனக்கு முன்னால மேடேறிப் போயிட்டிருக்கேன். திரும்பிக்கூடப் பாக்கல, அவ்வளவு அவசரம். சரி, ஒருத்தனாச்சும் போயிட்டான், அவ காத்துக்கிட்டு இருக்க மாட்டா, இதை முடிச்சுட்டு நாமளும் போயிடலாம்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"பீப்பாய் ஒழுகிச்சு."

அவன் வாஷரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேசும்போது குரல் மாறியிருந்தது. "எத்தனையோ தடவை வேலி வரைக்கும் வந்திருக்கேன் பசிலியா. ஜன்னல் வழியாத் தெரியும். என் நாக்காலியில அவன் உக்காந்திருப்பான். என் தட்டு. மிர்த்தா அவன் மடியில. சூப் வாசனை வேற. உள்ள வரலாம்னு படலைத் தொடுவேன், யாராச்சும் கூப்பிட்டுருவாங்க. ஒரு நாளாவது அவன் எழுந்து வந்து, 'இன்னைக்கு நீ சாப்பிடுடா, நான் போறேன்'னு சொன்னானா? நல்லா இருந்துட்டான். நல்லா இருந்துட்டுச் செத்தும் போயிட்டான்."

"அவனைக் குத்தம் சொல்லாதீங்க! அவன் ஒண்ணும் சும்மா உக்காந்து திங்கல. எம்பொண்ணைத் தூக்கி வளத்தது அவன். என் முதுகுக்குத் தைலம் தேச்சது அவன். நீங்க ஊரான் வீட்டுல குழாய் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க."

அப்போது சுனில்தா உள்ளேயிருந்து வந்தாள். ஒரு கையில் குளிர்ந்த தண்ணீர் ஜாடி, மறு கையில் தெரெரே என்கிற பச்சிலைத் தேநீர் நிரப்பிய கொம்புக் குவளை. "ரெண்டு பேரும் என் வீட்டு முத்தத்துல நின்னு அடிச்சுக்கிறீங்க" என்றாள். "என்னை யாராவது கேட்டீங்களா? ஞா பசிலியா, இந்தக் குழாய் தானா ஒரு தடவைகூடக் கெட்டதில்ல. நான்தான் ஒடைப்பேன். வாரம் தவறாம ஒடைப்பேன். இந்த மனுஷனும் வருவார், மாட்டுவார். ஒரு குவளை தெரெரேயை முழுசாக் குடிச்சிருப்பாரா? ரெண்டு உறிஞ்சு. உடனே எழுந்து, 'வீட்டுல பசிலியா காத்துக்கிட்டிருப்பா.' பசிலியாவுக்கு இது புடிக்கும், பசிலியா அப்படிச் சிரிப்பா. உங்க பேரைக் கேட்டுக் கேட்டே எனக்கு நரை விழுந்துபோச்சு. நீங்க தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவீங்களே, நீங்க போகலைன்னா நான் போயிருப்பேன்."

குவளையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பசிலியா அங்கிருந்து நேராகக் கல்லறைக்குப் போனாள். புது மண்ணின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று சண்டை போட்டாள் என்று குழிவெட்டி சொன்னான். "தெரிஞ்சுதான வந்தே? அவனை அங்க விட்டுட்டுதான வந்தே?" என்று கேட்டாளாம். நின்றபடியே அவளுக்கு ஒன்று புரிந்திருக்கிறது. சந்தைக் கதைகளைச் சொல்லி அவள் சண்டை பிடிக்கும்போதெல்லாம் செத்தவன் கோபித்துக்கொண்டதே இல்லை. வேலையை நிறுத்திவிட்டு தோண்டித் தோண்டிக் கேட்பான். "அப்புறம்? தீயை எப்படி அணைச்சானாம்? எத்தனை பேரை எறக்கினானாம்? ஊர் என்ன சொல்லுச்சு அவனை?" கேட்டுவிட்டு அன்று பூராவும் நாற்காலியைக் கோணலாகப் பின்னுவான். படகுத்துறைப் பக்கம் சாகும்வரை அவன் கால் வைக்கவில்லை. அவனும்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறான். மருத்துவச்சியைக் கூட்டி வந்த தோணி, கூரையில் நின்றவர்கள் போட்ட கூச்சல், எதுவும் அவனுடையதில்லை. பசிலியா மண்ணைக் காலால் ஒதுக்கிச் சரிசெய்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து என்னை நல்லா ஏமாத்தினீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று நாள் அவள் வெளியே வரவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று மிர்த்தா சொல்லிப் பார்த்தாள். "உங்கப்பன் கட்டில் சூடு ஆறல, அதுக்குள்ள இன்னொருத்தனா?" என்றாள் பசிலியா. "அவரும் அப்பாதானேம்மா?" "உனக்குத் தலை வாரிவிட்டவன்தான் உங்கப்பன்." ஆனால் நாலாம் நாள் காலையில் இறைச்சியை இடிக்கிற சத்தம் அந்த வீட்டிலிருந்து கேட்டது. சூப்பை அடுப்பில் வைத்து, மிர்த்தாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பசிலியா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவன் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் இறங்கியிருந்தான். மேலே ஏறச் சொன்னாள். ஏறினான்.

அந்த நடையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் முன்னால், அவன் நாலடி பின்னால். பேக்கரி வாசலில் அடுப்புக் கதவு கழன்றிருந்தது. "தோன் தொரிபியோ, ஒரு நிமிஷம்!" "அவருக்கு வேலை இருக்கு" என்றாள் பசிலியா. தையற்காரி மெஷினைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்தாள். "வேலை இருக்கு." பாதிரியார் மணிக்கயிறு அறுந்ததைச் சொல்ல வாயெடுத்தார். "உங்களுக்கும்தான், ஃபாதர்." கூப்பிட்ட ஒவ்வொரு குரலுக்கும் அவன் தோள் திரும்பியது, கால் இழுத்தது. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எங்களுக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது. முப்பத்தெட்டு வருஷமாக எங்களுடையதாக இருந்ததைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் ஓட்டிக்கொண்டு போகிறாள்.

வீட்டுத் தெருமுனைக்கு வரும்போது ஆற்றிலிருந்து கூச்சல் கேட்டது. மிதவைப் படகின் வடம் அறுந்துவிட்டது. நாலு மாடும் ஒரு வண்டிக்காரனும் படகோடு ஆற்றில் இழுபட்டுப் போகிறார்கள். இதற்கு அவனால் நிற்காமல் இருக்க முடியாது. நின்றான். ஆற்றுப் பக்கம் திரும்பினான். பசிலியா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"என்ன வேடிக்கை பாக்கறீங்க? உங்களுக்குக் கை கால் இல்ல?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேக்கரிக்காரன்தான் முதலில் ஓடினான். பிறகு எல்லோரும் ஓடினோம். தோணியை எப்படித் தள்ளுவது என்பதிலேயே சண்டை வந்தது, இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள், ஒரு மாடு போய்விட்டது. வண்டிக்காரனை மீட்டோம். அன்று நாங்கள் போட்ட முடிச்சினால் அந்த மிதவை இன்றுவரை இடதுபக்கம் சாய்ந்தே ஓடுகிறது.

அதற்குள் அவர்கள் வீட்டுப் படலை அடைந்திருந்தார்கள். அவன் படலைத் தொட்டான், கையை எடுத்தான், காலணிச் சேற்றைப் புல்லில் தேய்த்தான், மறுபடி தேய்த்தான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். யாரும் கூப்பிடவில்லை.

"என்ன நிக்கறே?" என்றாள் பசிலியா. "உள்ள வா. சூப் ஆறுது."

முதல் சில மாதம் அவன் விருந்தாளிபோல நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்தான். தம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுத்தான். முன்னறையில் அவனுக்குத் தனிக் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தாள். சாயங்காலங்களில் அவள் அவனுக்கு அவன் பார்க்காத வருஷங்களைச் சொன்னாள், மிர்த்தாவின் முதல் பல்லிலிருந்து. அவன் அவளுக்கு வெள்ளத்தையும் தீயையும் சொன்னான். நடுநடுவே சண்டை வரும். செத்தவனுடைய வேடிக்கைகளைச் சொல்லும்போது இவன் சிரிக்க மாட்டான். "அதுல என்ன இருக்கு சிரிக்க?" என்பான். இவன் காப்பாற்றிய பெண்களின் பெயர் வந்தால் அவள் தட்டைச் சத்தமாக வைப்பாள். ஊரில் குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாங்கள் வாஷர் வெட்டக் கற்றுக்கொண்டோம், மோசமாகத்தான் வெட்டினோம். மாலையில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த வேலியோரமாக மெதுவாக நடப்போம். சூப் வாசனை வரும், ஜன்னலில் அவன் உட்கார்ந்திருப்பது தெரியும். கூப்பிட வாய் வரும். பசிலியா ஜன்னலுக்கு வந்து நிற்பாள். சுனில்தா மட்டும் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அவள் குழாய் கெடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கல்லறைக்குப் போவார்கள். அவன் தன் பெயர் எழுதிய சிலுவையைச் சுற்றிப் புல் பிடுங்குவான். பசிலியா அங்கே கொஞ்ச நேரம் அதிகமாக இருந்துவிட்டால் முகம் சுருங்கித் தொண்டையைக் கனைப்பான். மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்கள் கல்லறைக்கு ஒரு சிலுவை போட்டுவிட்டு, அவன் பக்கம் திரும்பி, "உங்க ஆத்மா சாந்தியடையட்டும், தோன் தொரிபியோ" என்பார்கள். "நன்றி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பான்.

இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை, பசிலியா குழிவெட்டியைக் கூப்பிட்டு அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு இடம் வேண்டும் என்றாள். ஒட்டினாற்போல இருப்பது தனக்கு, அதற்கு அடுத்தது இவருக்கு.

"நடுவுல நீங்களா?" என்றான் குழிவெட்டி. "ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒரு பக்கமா இருந்தா மண்ணு அள்ளச் சுலபம்."

"பக்கத்துல பக்கத்துல போட்டா இவங்க தூங்க மாட்டாங்க. என்னையும் தூங்க விட மாட்டாங்க."

தொரிபியோ தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இடத்தை அளவெடுப்பதுபோலப் பார்த்தான். பிறகு குழிவெட்டிக்குக் கேட்காது என்று நினைத்து, தணிந்த குரலில் கேட்டான்:

"அவன் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பான்?"

"செவுத்துப் பக்கம்."

"அப்போ கதவுப் பக்கம் காலியாத்தான் இருக்கு?"

"அது நான் படுக்கிற எடம்" என்றாள் பசிலியா. சிலுவையில் வழிந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். "நான் நடுவுல தள்ளிப் படுத்துக்கறேன்."

குழிவெட்டி சுண்ணாம்பால் இரண்டு இடத்தையும் கோடு போட்டு வைத்தான். அன்று முதல் தொரிபியோ அவள் கட்டிலில் கதவுப் பக்கம் படுத்துக்கொள்கிறான்.